புதுப்பிப்பு: மகளின் அண்ணப் பிளவு மூடப்பட்டது

உதட்டுப் பிளவைத் தைத்த பிறகும் மகளுக்குப் பால் ஏன் மூக்கு வழியாக வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். வாயின் மேற்கூரையான அண்ணம் திறந்தே இருந்ததுதான் காரணம். 11 மாதம் நிறைந்த நிலையில், சென்ற வாரம் அதை மூடும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேச்சு வருவதற்கு முன்பே அண்ணத் தசைகளைச் சேர்த்துத் தைத்தால்தான் 'ப', 'க' போன்ற வல்லின ஒலிகள் மூக்கில் கசியாமல் தெளிவாக வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் விளக்கினார்.

தையலில் கரண்டி படக்கூடாது என்பதால், ஆறிய அரிசிக் கஞ்சியைக் கிண்ண விளிம்பிலிருந்தே புகட்டுகிறோம். நேற்றிரவு ஒரு துளிகூட மூக்கில் வரவில்லை. என் மனைவி அழுதுவிட்டாள். கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆனது என்று உறவினர்கள் அவளைக் குறை சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. கருவின் 12-ஆம் வாரத்துக்குள் இணைய வேண்டிய திசுக்கள் இணையாமல் போவதே பிளவு; அதில் அவள் தவறு எதுவுமில்லை. அண்ணப் பிளவு இருந்தால் நடுச்செவியில் நீர் கோக்கலாம் என்பதால், அதையும் அடுத்த மாதம் பார்க்கிறார்கள்.