மூக்கோரத்துப் புண் ஆறவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
அப்பாவுக்கு 61 வயது. மூக்கின் பக்கவாட்டில், கண்ணாடி உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மிளகளவு ஒரு பரு. நான்கு மாதமாக இருக்கிறது. பொருக்குத் தட்டும், முகம் துடைத்தால் துண்டில் ஒரு பொட்டு ரத்தம், பொருக்கு உதிர்ந்ததும் ஆறிவிட்டது என்று நினைப்போம், பத்தே நாளில் மறுபடி அதே கதை. வலி இல்லையே என்று டாக்டரிடம் வர மறுக்கிறார். பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உடம்பெல்லாம் பரவிவிடுமா?

பதில் 1:
முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அதுதானா என்பது, அந்த இடத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்தால்தான் தெரியும். அதுவாகவே இருந்தாலும் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் விட்டுவைத்தால் இருந்த இடத்திலேயே ஆழமாக அரித்துக்கொண்டு போகும், மூக்கில் குருத்தெலும்பு வரை. எனக்குக் காது மடலில் வந்தது. முத்துப்போல் மினுமினுப்பு, ஓரம் சற்று உயர்ந்து, மேலே நூல் மாதிரி ரத்த நாளங்கள். நானும் வலிக்கவில்லை என்றுதான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். மோஸ் அறுவை சிகிச்சை செய்தார்கள், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து ஒவ்வொரு அடுக்காக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இல்லை என்று தெரிந்த பிறகே தையல் போட்டார்கள். சீக்கிரம் போயிருந்தால் தழும்பு இதில் பாதிகூட இருந்திருக்காது.

பதில் 2:
கண்ட களிம்பையும் தடவிப் பார்க்காதீர்கள், நாள்தான் போகும். கருப்புத் தோலுக்கு வராது என்பதும் தவறு. குறைவு, அவ்வளவுதான். கருந்தோலில் இது பெரும்பாலும் கருமையாக, மச்சம் போலவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

பெரும்பாலும் காரணம் பல வருட வெயில்தான், அதிலுள்ள புற ஊதாக் கதிர் செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. உச்சி வெயிலைத் தவிர்ப்பது, அகல விளிம்புத் தொப்பி, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. காதும் பின்கழுத்தும்தான் எல்லோருக்கும் மறந்துபோகும். ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பு அதிகம், அதனால் தோல் மருத்துவரை விடாமல் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. காது மடல் விஷயத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீயே நன்றாகப் பார்" என்று முகத்தை நீட்டினார். ஓரம் உயர்ந்துதான் இருக்கிறது. வியாழக்கிழமை காலை தோல் மருத்துவரிடம் போகிறோம்.