கணைய எலாஸ்டோகிராஃபி ரிப்போர்ட்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழுவில் உள்ள டாக்டர்களுக்கும் ஸ்கேன் துறையில் இருப்பவர்களுக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பல வருடங்களாக நாள்பட்ட கணைய அழற்சி. போன வாரம் எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்ட் பார்த்ததில், கணையத்தின் தலைப்பகுதியில் சிறு கட்டி தெரிந்திருக்கிறது. கூடவே எலாஸ்டோகிராஃபியும் (திசு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வண்ணத்தில் காட்டும் ஸ்கேன்) எடுத்தார்கள்.

அந்தப் படத்தைத்தான் நாலு நாளாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுற்றிலும் பச்சை, நடுவில் திட்டுத் திட்டாக நீலம். மென்மையான திசு பச்சை, இறுகியது நீலம் என்றார்கள். புற்றுக்கட்டி இறுகித்தான் இருக்கும், சரி. ஆனால் நாள்பட்ட அழற்சியில் நார்த்திசு படிந்த கணையமும் இறுகிவிடுமே? இந்த நீலத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

ரிப்போர்ட்டில் இருப்பது 'ஸ்ட்ரெயின் ரேஷியோ', அதாவது பக்கத்துத் திசுவைவிடக் கட்டி எத்தனை மடங்கு இறுகியிருக்கிறது என்ற எண். அந்தப் பக்கத்துத் திசுவே இறுகியிருந்தால் எண் குறைவாகத்தானே வரும்? என்னைக் குடைவது இதுதான்.

ஷியர் வேவ் என்ற இன்னொரு முறையில், திசுவுக்குள் பரவும் அலையின் வேகத்தை அளந்து, அதிலிருந்து இறுக்கத்தைக் கிலோபாஸ்கலில் சொல்வார்களாம் (வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் இறுக்கம் சுமார் 12 கிலோபாஸ்கல்). கணையத்துக்குப் பின்னாலேயே மகாதமனி துடித்துக்கொண்டிருக்கும்போது அந்த அளவு நிலையாக வருமா?

ஊசி போட்டுத் திசு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தவிர்க்க நான் வழி தேடவில்லை. எந்த இடத்தில் எடுப்பது என்று முடிவு செய்ய இந்த வண்ணப்படம் உதவுமா? அப்பாவிடம் 'கட்டி' என்ற வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொன்னாலே போதும்.