ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து உருவாகும் விஎம்கள் அனைத்துக்கும் ஒரே ஐபி முகவரி: உதவி தேவை

வணக்கம். எங்கள் அலுவலகத்தின் தனியார் கிளவுடில், கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க மென்பொருள்) மீது, உபுண்டு 22.04 சர்வர் டெம்ப்ளேட் ஒன்றிலிருந்து மெய்நிகர் இயந்திரங்களை (விஎம்) உருவாக்குகிறோம். முதல் விஎம் சரியாக இயங்குகிறது. இரண்டாவதை இயக்கியதும் அதுவும் அதே ஐபி முகவரியைப் பெற்றுக்கொள்ள, முதலாவதில் திறந்திருக்கும் எஸ்எஸ்எச் திரை அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. சென்ற வாரம் டெம்ப்ளேட்டைப் புதுப்பித்ததிலிருந்து இதே நிலைதான்.

நெட்வொர்க் அட்டைகளின் மேக் முகவரிகள் வெவ்வேறாகவே உள்ளன. ஹோஸ்ட்நேமும், முதல் பூட்டில் விஎம்மை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் வழியாகச் சரியாக மாறுகிறது. ஆனால் ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய மெஷின்-ஐடி மட்டும் எல்லா விஎம்களிலும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறது. உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி முகவரி கேட்கும் டிஎச்சிபி கோரிக்கையில் மேக் முகவரியை அடையாளமாக வைக்காமல் மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கும் அடையாளத்தையே அனுப்புவதால், கோளாறின் வேர் இங்கேதான் என்று கருதுகிறேன்.

டெம்ப்ளேட்டில் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்கி, மீண்டும் பூட் செய்யாமல் அணைத்து, குளோன் (நகல்) எடுத்துப் பார்த்தேன். பழைய ஐடியே திரும்ப வந்தது. டிபஸ் கோப்புறையில் இருக்கும் மெஷின்-ஐடி, அதே கோப்பைச் சுட்டும் வெறும் சிம்லிங்க்தான் என்பதையும் சரிபார்த்துவிட்டேன். நெட்வொர்க் அமைப்புக் கோப்பான நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளத்தை மேக் என்று மாற்றினால் அந்த விஎம்மில் சிக்கல் தீர்கிறது. ஆனால் அதே மாற்றத்தை டெம்ப்ளேட்டில் செய்தால், புதிய குளோனின் முதல் பூட்டிலேயே கிளவுட்-இனிட் அந்தக் கோப்பை மறுபடி எழுதிவிடுகிறது. எல்லாக் குளோன்களுக்கும் சிஸ்டம் யுயுஐடியும் (விஎம்மின் வன்பொருள் அடையாள எண்) ஒன்றாகவே இருப்பதை இன்று கவனித்தேன்.

ஒவ்வொரு குளோனும் முதல் பூட்டிலேயே தனக்கெனத் தனி மெஷின்-ஐடியைப் பெற, நான் எங்கே, எதை மாற்ற வேண்டும்?