போலந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வெளியே சாப்பிடப் போகும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்

போலந்துச் சாப்பாடு உப்புச் சப்பில்லாதது என்று முதல் வாரமே முடிவுகட்டி, ஆறு மாதம் கபாபும் பீட்சாவுமாகக் காலம் தள்ளிய ஆள் நான். எனக்கு யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிற விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. கிராக்கோவில் பழைய சந்தைச் சதுக்கத்தை ஒட்டி, சுற்றுலாக்காரர்களுக்கென்றே இருக்கிற ஒரு உணவகம். ஆர்டர் கொடுக்கும் முன்பே ரொட்டி, ஊறப்போட்ட வெள்ளரிக்காய், ஒரு மண்கிண்ணத்தில் வறுத்த வெங்காயம் தெரிகிற வெள்ளை வெண்ணெய் எல்லாம் வந்துவிட்டது. அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டி, "பார்த்தியா, வெண்ணெய் எவ்வளவு தாராளமா வைக்கிறாங்க" என்று பெருமையடித்துக்கொண்டே வழித்துச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை ஆபீசில் சொன்னால் சிரிக்கிறார்கள். அது ஸ்மாலெட்ஸ், பன்றிக் கொழுப்பு. நான் பன்றி சாப்பிடுவதில்லை, அன்று புரட்டாசி சனிக்கிழமை வேறு. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

விஷயம் இதுதான்: இங்கே பன்றி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற துண்டாக வந்து நம்மை ஏமாற்றாது. மேலே தூவுகிறதிலும், சூப்பின் அடித்தண்ணீரிலும், வதக்குகிற கொழுப்பிலும்தான் ஒளிந்திருக்கும்.

பியெரோகியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் சோமாசி வடிவம், ஆனால் கோதுமை மாவில் செய்து தண்ணீரில் வேக வைப்பது. 'ரூஸ்கியே' என்று கேட்டால் உள்ளே உருளைக்கிழங்கு, பன்னீர் மாதிரி ஒரு பால்கட்டி, வெங்காயம், மிளகு. அதனால் சைவம்தான் என்று தைரியமாக ஆர்டர் செய்வோம், தட்டு வரும்போது மேலே பொன்னிறமாக மொறுமொறுவென்று ஏதோ தூவியிருக்கும். அது ஸ்க்வார்க்கி, பன்றிக் கொழுப்பை வறுத்த துணுக்கு. ஆர்டர் செய்யும்போதே "பெஸ் ஸ்க்வாரெக்" என்று சொல்லிவிடுங்கள், 'பெஸ்' என்றால் 'இல்லாமல்'. வெண்ணெய் விட்டுத் தரச் சொல்ல "ஸ் மாஸ்வெம்". ரூஸ்கியே என்றால் ரஷ்யாவோ என்று நினைக்க வேண்டாம், பழைய ருத்தேனியப் பகுதியைக் குறிக்கிற பெயர். 2022 போருக்குப் பிறகு சில கடைகளில் 'உக்ரைன் பியெரோகி' என்று பெயர் மாற்றியே எழுதிவிட்டார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான். கோடையில் யாகோடா என்கிற சிறு நீலப் பழத்தை உள்ளே வைத்து, புளித்த கிரீம் ஊற்றித் தருவார்கள். நாக்கும் பல்லும் கத்தரிப்பூ நிறமாகிவிடும், பரவாயில்லை, சாப்பிடுங்கள்.

எங்கே சாப்பிடுவது? என் ஓட்டு 'பார் ம்லெச்னி'க்குத்தான். பால் பார் என்று அர்த்தம், சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1896-ல் வார்சாவில் தொடங்கிய வழக்கம், கம்யூனிச காலத்தில் நாடு முழுக்கப் பரவியது. பால், மாவு, காய்கறி உணவுகளுக்கு அரசு இன்னும் மானியம் தருகிறது, அதனால்தான் அங்கே இறைச்சி இல்லாத ஐட்டங்கள் அவ்வளவு மலிவு. நம்மூர் மெஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: சுவரில் பலகை, பெரும்பாலும் போலிஷில் மட்டும். கல்லாவில் பணம் கட்டி ரசீது வாங்கி, அதைச் சமையலறை ஜன்னலில் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து ஐட்டம் பெயரைச் சத்தமாகக் கூவுவார்கள், காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். பலகையில் 'தானியா யார்ஸ்கியே' என்ற தலைப்பைத் தேடுங்கள், அதுதான் சைவப் பகுதி, முட்டை மட்டும் இருக்கலாம். பலவற்றை மாலையிலேயே சாத்திவிடுவார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு நம்பிப் போகாதீர்கள். பார்சல் வேண்டுமென்றால் "நா வினோஸ்". கல்லாவில் இருக்கிற அம்மாவை "பானி" என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள், முகம் கொஞ்சம் இளகும். கொஞ்சம்தான்.

சூப்புகள் தனிக்கதை. தக்காளி சூப் என்று பெயர் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கோழி ரசம் மிஞ்சியதில் திங்கட்கிழமை தக்காளி சேர்ப்பதுதான் வீட்டு வழக்கமே. பீட்ரூட் சூப்பான பார்ஷ்சும் அப்படித்தான், எலும்புத் தண்ணீராக இருக்கலாம். "ச்சி தா ஸூபா யெஸ்ட் நா மியென்ஷே?" என்று கேளுங்கள், இறைச்சித் தண்ணீரில் செய்ததா என்று அர்த்தம். உச்சரிப்பு தப்பினாலும் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் அசைவக்காரர்கள் ஜூரெக் என்கிற புளிப்பு சூப்பைத் தவறவிடக் கூடாது. இதற்கான மாவு 'ரை' என்கிற குளிர்நாட்டுத் தானியத்தில் வருவது, நம் கம்பு இல்லை. அந்த மாவைத் தண்ணீரில் பூண்டோடு கரைத்து நாலைந்து நாள் புளிக்க விடுகிறார்கள். அந்தப் புளிப்பு நீரில்தான் சூப். முதல் கரண்டி வாயில் வைத்ததும் எனக்கு ஊர் கேழ்வரகுக் கூழ் ஞாபகம் வந்தது. அதே புளிப்பு, அதே கொழகொழப்பு, கூடவே மார்ஜோரம் இலை வாசனை, அவித்துப் பாதியாக வெட்டிய முட்டை. கடைகளில் வெள்ளை சாசேஜ் துண்டுகளும் (பன்றிதான்) போடுவார்கள். காரம் தேடுகிற நாக்கை முதலில் புளிப்புப் பக்கம் திருப்புங்கள், அப்போதுதான் இந்த நாட்டுச் சாப்பாடு பிடிபடும். பன்றி வேண்டாதவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் பாட்டிலில் விற்கிற புளித்த நீரை வாங்கி, காளான் போட்டு வீட்டில் செய்யலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

வெயில் காலத்தில் ஹ்வொத்னிக் குடித்துப் பாருங்கள். வெள்ளரிப் பச்சடியில் பீட்ரூட்டைக் கலந்து நீர்க்க விட்டது போல ரோஸ் நிறத்தில் ஜில்லென்று இருக்கும். மேலே சதகுப்பை இலை. இந்த இலையை இங்கே எதில்தான் போடவில்லை! பால் பாரில் மாஷ்லான்கா என்று கேட்டால் கிட்டத்தட்ட நம் மோர், உப்பு மட்டும் நாம் போட்டுக்கொள்ள வேண்டும். குடல் குழம்பு பிரியர்களுக்கு ஃப்ளாக்கி இருக்கிறது, மாட்டுக் குடல் சூப். மாடு சாப்பிடாதவர்கள் 'வொவோவினா' என்ற சொல்லையும், பன்றி சாப்பிடாதவர்கள் 'வியெப்ஷோவினா'வையும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் சுற்றப் போனால்: ஜாகோபானே என்கிற மலை ஊரில் ஆஸ்த்சிபெக் என்கிற புகைபோட்ட செம்மறி ஆட்டுப்பால் சீஸைச் சுட்டு, கிரான்பெரி ஜாமோடு வாங்குங்கள். கடித்தால் பல்லில் கிரீச்சென்று சத்தம் வரும். கிராக்கோவில் தெருவண்டியில் விற்கிற ஒப்வஜானெக், வளைய வடிவ ரொட்டி, எள்ளு போட்டது. காஜிமியெஷ் பகுதியில் பிளாட்ஸ் நோவி வட்டக் கட்டடத்தில் ஜாப்பியெகாங்கா, நீள ரொட்டியில் காளானும் சீஸும், பசி நேரத்தில் ஒன்றே போதும்.

கடைசியாக ஒன்று. பில்லுக்குப் பணம் நீட்டும்போது பழக்க தோஷத்தில் "ஜென்குயெ", அதாவது நன்றி, என்று சொல்லிவிடாதீர்கள். மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். 62 ஸ்லோட்டி பில்லுக்கு 100 நீட்டி நான் அழகாக ஜென்குயெ சொன்னேன். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு முறை தலையாட்டிவிட்டுப் போனார், நான் மீதி 38 வரும் வரும் என்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.