எழுதின இஃப் ஒண்ணு, ஓடின இஃப் வேற

அம்பத்தூர் எஸ்டேட்ல ரிமோட் ஃபேன் போர்டுக்கு ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடற நிரல்) எழுதிட்டிருந்தப்ப நடந்தது. என்.இ.சி. முறை ரிமோட், கட்டளை பைட்டை ஒரு தடவை நேராகவும் அடுத்த தடவை பிட்டுகளைத் திருப்பிப் போட்டும் (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும்) அனுப்பும். முதல் பைட்டைத் திருப்பி இரண்டாவதோடு ஒப்பிடணும். பொருந்தினா ஃபேன் சுத்தும். ஒரே ஒரு இஃப், அதாவது ஒரு நிபந்தனை வரி.

டீபக் (பிழை தேடற) பில்டுல சுத்துச்சு. ஆப்டிமைசேஷன் (நிரலை மெஷின் மொழிக்கு மாத்தற கம்பைலர், அதை வேகமாக்கப் பண்ற சுருக்கல்) போட்ட ரிலீஸ் பில்டுல அசையவே இல்லை. கத்திரி வெயில்ல, சுத்தாத ஃபேனுக்குக் கீழே மூணு நாள்! சந்தேகம் முதல்ல சென்சார் மேல, அப்புறம் சால்டரிங் மேல, அப்புறம் (மேனேஜர் உபயம்) என் மேல. நடுவுல மதிப்பைப் பார்க்க ஒரு பிரிண்ட் வரி போட்டேன், சுத்துச்சு. எடுத்தேன், நின்னுடுச்சு.

கடைசியா அசெம்பிளி லிஸ்டிங்கை (கம்பைலர் உண்மையில உருவாக்கின மெஷின் கட்டளைப் பட்டியலை) திறந்தேன். சி மொழியில 8 பிட் எண்ணைத் திருப்பறதுக்கு முன்னாடி அது இன்ட்டா (சி-யோட வழக்கமான முழு எண் வகை) விரிஞ்சிடும். எங்க சிப்புல இன்ட் 16 பிட். 0-ஐத் திருப்பினா 255 வராது, 16 பிட்டும் 1 ஆகி -1 வரும். அதுக்காகத்தான் மறுபடி 8 பிட்டாச் சுருக்க ஒரு காஸ்ட் (எண்ணோட வகையை மாத்தற குறி) போட்டிருந்தேன். கம்பைலர் அதைத் தூக்கிப் போட்டுட்டு மேல் பைட்டையும் சேர்த்து ஒப்பிட்டிருக்கு! எந்த பட்டனை அழுத்தினாலும் இஃப் பொய்தான். காசு கொடுத்து வாங்கின கம்பைலர் வேற.

மறுமொழி: காஸ்ட் இல்லாம இருந்தா கம்பைலர் பண்ணதுதானே சரி? நிஜமாவே போட்டிருந்தீங்களா சார்?

பதிவர்: போட்டிருந்தேங்க. நானும் அதைத்தான் பத்து தடவை பார்த்தேன்.

மறுமொழி: தி.நகர்ல ஒரு நகைக்கடை பில்லிங்ல எனக்கு இதே கூத்து. பழைய பென்டியம் மெஷின். கிராம் விலையையும் எடையையும் ரெண்டு இடத்துல பெருக்கி, சமமான்னு பார்த்தா இல்லைங்குது. பிரிண்ட் பண்ணா ரெண்டும் ஒரே தொகை! எக்ஸ்87 (அந்தச் சிப்போட தசமக் கணக்குப் பகுதி) ரெஜிஸ்டர்ல கணக்கு 80 பிட், மெமரிக்குப் போனா 64 பிட்டா வட்டமாகிடும். ஒண்ணு ரெஜிஸ்டர்ல, இன்னொண்ணு மெமரில. ஜிசிசி கம்பைலர்ல 2000-ஆம் வருஷம் பதிவான 323-ஆம் எண் புகார் இதுதான். இது கம்பைலர் பிழையா (bug) இல்லையான்னு வருஷக்கணக்கா அங்கே சண்டை. எஸ்எஸ்இ2-வுக்கு (64 பிட்டுலயே கணக்குப் போடற புது கட்டளைகள்) மாத்தினப்புறம் எங்களுக்குத் தீர்ந்துச்சு. பைசாவை முழு எண்ணா வெச்சிருந்தா தலைவலியே வந்திருக்காது, அது எங்க தப்பு.

பதிவர்: நான் திருப்பின பைட்டை வாலட்டைல் (கம்பைலர் சுருக்கிடக் கூடாதுன்னு குறிச்ச) வேரியபிள் ஒண்ணுல போட்டுட்டு ஒப்பிட்டேன், சரியாச்சு. புதுசா வந்த தம்பி போன மாசம், "அண்ணா, இந்த வேரியபிள் சும்மாதானே இருக்கு, எடுத்துடவா?"ன்னான். கீபோர்டையே இந்தப் பக்கம் இழுத்துட்டேன்.