புதுப்பிப்பு: வலையிறவுச் சேற்றுத்தரையில் நின்றது பட்டாணி உப்புக்கொத்திதான்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. மட்டக்களப்பு வலையிறவில் நான் பார்த்த உப்புக்கொத்தி (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவை) எந்த இனம் என்பதுதான் கேள்வி: வாவிக் கரையில் சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய பறவை, மண்ணிற முதுகு, கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம், நெஞ்சுப்பட்டை நடுவில் விடுபட்டிருந்தது. அந்த இடைவெளியை வைத்துத்தான் பலர் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றீர்கள்.

தீர்த்து வைத்தது, "எழும்பிப் பறக்கும்போது இறக்கையைப் பாருங்கோ" என்ற யோசனை. ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்தால் இறக்கை முழுக்க ஒரே மண்ணிறம், வெள்ளைக் கோடே இல்லை. கெண்டிஷுக்கு அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். படத்தைப் பெருப்பித்தால் கண்ணைச் சுற்றி மங்கலான மஞ்சள் விளிம்பும் இருந்தது. ஆகவே பட்டாணி உப்புக்கொத்தி, அதாவது லிட்டில் ரிங்ட் புளோவர், அதுவும் இளம் பறவை. இளசுகளுக்குப் பட்டை கறுப்பாக இராது. பழுப்பாக, பெரும்பாலும் நடுவில் விட்டுப்போய் இருக்கும். குழப்பம் முழுக்க அதனால்தான்.

கால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சேறு ஒட்டினால் பட்டாணியின் மஞ்சள் காலும் கெண்டிஷின் கால்போலக் கறுப்பாகத்தான் தெரியும். மூட்டுக்கு மேலே, சேறு படாத துண்டைப் பாருங்கள்.

எதிர்பாராத ஒன்று: அதே கூட்டத்தில் இன்னோர் உப்புக்கொத்தி இனமான லெஸர் சான்ட் புளோவரும் கலந்து நின்றது. அதைப் பிரிப்பது சுகம். உடம்பு பெரிது, அலகு தடிப்பு, பின்கழுத்தில் வெள்ளை வளையம் கிடையாது. முதுகைக் காட்டித் திரும்பும்வரை பொறுத்திருந்தால் போதும். பட்டாணியின் குரல் இறங்கிவரும் "பீயூ".