கொடுங்கையூர் குப்பைமேடு: எரிஉலை வந்தால் யாருக்கு நல்லது?

கொடுங்கையூரான்:
வட சென்னையில் எங்கள் கொடுங்கையூர் குப்பைமேட்டில் குப்பையை எரிக்கும் உலை கட்ட மாநகராட்சி திட்டம் போட்டிருக்கிறது. "எரிஉலை வந்தால் குப்பை குறையுமே, ஏன் எதிர்க்கிறீர்கள்?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். வெயில் காலத்தில் எங்களுக்குப் புகை. மழை விட்டால் நாற்றமும் ஈயும். சோற்றுத் தட்டைத் திறந்து வைக்க முடியாது. மணலி ரிஃபைனரியும் வட சென்னை அனல்மின் நிலையமும் போதாதென்று இன்னொரு புகைபோக்கியா? 2025 மே மாதம் ஜனம் மனிதச் சங்கிலியில் நின்றது இதற்காகத்தான்.

கணக்கன்:
கோபம் நியாயம்தான். ஆனால் சென்னையில் தினமும் 5,000 டன்னுக்குக் குறையாமல் சேருகிறதே, எங்கே கொட்டுவது? அப்புறம், மேடு இருப்பது தெரிந்துதானே அங்கே மனை வாங்கினீர்கள்?

கொடுங்கையூரான்:
தெரிந்துதான் வாங்கினோம். கையில் இருந்த காசுக்கு அதுதான் கிடைத்தது. நீங்கள் எந்த ஏரியா?

கணக்கன்:
அண்ணா நகர். அதற்கென்ன?

கொடுங்கையூரான்:
உங்கள் மண்டலத்துக் குப்பை எங்கள் மேட்டுக்குத்தான் வருகிறது. வேறொன்றுமில்லை.

காயலான்கடை:
மேட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்களை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்கள். எங்கள் கடைக்கு பெட் பாட்டிலும் இரும்பும் அவர்கள் கையால்தான் வருகின்றன. உலைக்கு நன்றாக எரிகிற சரக்கு வேண்டும். அது பிளாஸ்டிக்கும் அட்டையும். அதாவது அவர்கள் பிழைப்பு. அதற்காக மேடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லமாட்டேன். அந்தப் புகையில் நின்று பொறுக்குவது அவர்களுக்கு மட்டும் ஆசையா?

கணக்கன்:
காத்திருப்பதும் ஆபத்து. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. கொழும்பு மீதொட்டமுல்லவில் 2017 சித்திரைப் புத்தாண்டு அன்றே மேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் முடியும்வரை வேடிக்கை பார்ப்பதா?

கொடுங்கையூரான்:
மேடு ஆபத்து என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. தோண்டிச் சலித்து எடுக்கட்டும், யார் தடுத்தார்கள்? உலையில் போடப்போவது அன்றாடம் வருகிற புதுக் குப்பையை. நம் ஊர்க் குப்பையில் சோறு, காய்கறித் தோல், இளநீர் மட்டை என்று ஈரம்தான் அதிகம். டெல்லி திமார்பூரில் 1980களில் கட்டிய உலை, குப்பை சரியாக எரியாமல் சில வாரங்களிலேயே நின்றுபோனது.

கணக்கன்:
அது அந்தக் காலத்து இயந்திரம். இப்போது நல்ல வடிகட்டி இருக்கிறது. புகை அளவைத் தினமும் வெளியிட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

கொடுங்கையூரான்:
அவ்வளவு சுத்தம் என்றால் அண்ணா நகரிலேயே கட்டலாமே! சரி, அதை விடுங்கள். மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்லி 2016லேயே விதி வந்தாயிற்று. உங்கள் தெருவில் பிரிக்கிறார்களா?

கணக்கன்:
நான் பிரித்துத்தான் கொடுக்கிறேன். வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் நான் என்ன செய்ய?

காயலான்கடை:
காய்ந்ததை வண்டியில் போடாமல் பக்கத்துக் காயலான் கடைக்குக் கொண்டுபோங்கள் சார், எடை போட்டுக் காசு தருவார்கள். பால் கவரை மட்டும் கழுவிக் கொடுங்கள், புண்ணியமாய்ப் போகும்.